வில்லுப்பாட்டுப் பதிவின் ஒலியை நிறைவாக்க

திருநெல்வேலிப் பக்கத்துக் கொடை விழாக்களுக்கு வீட்டிலேயே வில்லுப்பாட்டைப் பதிவு செய்பவர்கள், மாஸ்டரிங்கில் (பதிவை வெளியிடுமுன் செய்யும் இறுதி ஒலிச் சீரமைப்பில்) சத்தம் போதவில்லை என்றவுடன், ஒலியின் உச்சங்களை ஒரு வரம்புக்குள் அடக்கும் லிமிட்டரை ஏற்றிவிடுகிறார்கள். அதனால் உடுக்கையின் முதல் அடி மழுங்கி, வில்லின் மணியோசையும் கரகரக்கிறது. அதற்கு முன்பாக, 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்கு எட்டாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் இரைச்சலை வெட்டிவிட்டு, குடமும் குரலும் மோதிக்கொள்ளும் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஓரிரு டெசிபல் குறைத்து, பிறகு சிறிதளவு சாச்சுரேஷன் (ஒலிக்குச் செறிவூட்டும் மெல்லிய சிதைவு) சேர்த்தால், ஒலி நிறைவாகக் கேட்கும். லிமிட்டரின் உச்ச வரம்பை -1 டெசிபலில் நிறுத்துங்கள். ஏறத்தாழ -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவைத் தாண்டும் பாட்டை யூடியூப் தானாகவே தணித்துவிடுவதால், அதற்கு மேல் நெருக்குவதில் பெரிய பயனில்லை. கோயில் பந்தலின் குழாய் ஒலிபெருக்கியிலோ அடித்தொனி சரியாக எழாது என்பதால், அதற்கெனத் தனிப் பிரதி எடுப்பதே என் பரிந்துரை.