கடலோரமா வீடா? ராத்திரி மொட்டைமாடி லைட்டை அணைச்சிடுங்க

பெசன்ட் நகர், நீலாங்கரை பக்கம் பீச்சை ஒட்டி குடியிருக்கவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லிங்கற கடலாமை) ராத்திரில கரையேறி மணல்ல குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல போட்டுட்டு போயிடும், சுமார் 45 நாள் கழிச்சு குஞ்சு வெளிய வரும். வந்ததும் எது வெளிச்சமா தெரியுதோ அதுதான் கடல்னு நெனச்சு ஓடும், பாவம், நம்ம பால்கனி எல்ஈடி லைட்டை பாத்து ரோட்டுப் பக்கம் வந்துடுது.

அதனால இந்த சீசன் முழுக்க, மே வரைக்கும்னு வச்சுக்கங்க, கடலைப் பாத்த லைட்டை ராத்திரி ஆஃப் பண்ணிடுங்க, முடியலைன்னா ஸ்க்ரீனாவது இழுத்து விடுங்க. மாடி ஃபோகஸ் லைட்தான் பெரிய வில்லன், அசோசியேஷன்ல சொல்லி அதை தரையைப் பாத்து திருப்ப சொல்லுங்க (எங்க பில்டிங்ல இதுக்கே மூணு மீட்டிங் ஆச்சு).

மணல்ல துடுப்பு இழுத்த மாதிரி தடம் பாத்தா கிளறாதீங்க, டார்ச் அடிச்சு செல்ஃபி வேணாம். வனத்துறைக்கோ, 1988ல இருந்து சென்னை பீச்ல ராத்திரி நடந்து முட்டையை எடுத்து பாதுகாக்கற மாணவர் ஆமை குழுவுக்கோ தகவல் சொல்லிடுங்க. தெருநாய்க்கு பீச்ல சோறு வைக்கறவங்க கொஞ்சம் உள்ள தள்ளி வைங்க, அதுங்க முட்டையை தோண்டி தின்னுடும்.