கூஸ் வாத்துக் குஞ்சுகளை வீட்டில் வளர்க்கும் முறை: முதல் எட்டு வாரங்கள்

தோட்டத்துக்கும் தோப்பு வீட்டுக்கும் காவலாக இருக்கட்டும் என்று கூஸ் வாத்து வளர்க்க முன்வருகிறவர்கள், பெரும்பாலும் கோழிக்குஞ்சு வளர்த்த பழக்கத்தை நம்பித்தான் குஞ்சுகளை வாங்கி வருகிறார்கள். அந்தப் பழக்கம் ஓரளவுக்கு உதவும் என்றாலும், தண்ணீர், தீவனம், பச்சைத்தீனி ஆகிய மூன்றிலும் கூஸ் குஞ்சின் தேவை கோழிக்குஞ்சின் தேவையிலிருந்து வெகுவாக மாறுபடுகிறது. இளம் வயதில் ஏற்படும் கால் கோணலும் இறக்கைக் கோணலும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

நம் பகுதியில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் அலகின் மேல் நெற்றிப்புடைப்பு உள்ள சீன வகையும் அதன் கலப்புகளுமே. எந்த வகையானாலும் ஒற்றைக் குஞ்சாக வாங்கக் கூடாது. கூஸ் குஞ்சு பொரிந்தவுடன் தான் முதலில் காணும் நடமாடும் உயிரைத் தாயாகக் கொண்டு பின்தொடரும் இயல்புடையது. 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கான்ராட் லோரன்ஸ் இந்த இயல்பை ஆராய்ந்தே பெரும்புகழ் அடைந்தார். துணையில்லாத குஞ்சு ஆள் கண்ணை விட்டு மறைந்தாலே ஓயாமல் கத்தும். தீனியையும் சரியாக எடுக்காது. இரண்டு அல்லது மூன்று குஞ்சுகளைச் சேர்த்து வாங்கினால் இந்தத் தொல்லை இராது. வாங்கும்போது தொப்புள் நன்றாக மூடியிருக்கிறதா, இரண்டு கால்களையும் நேராக ஊன்றி நிற்கிறதா என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

குஞ்சு வாங்குவதற்குப் பதிலாக முட்டையைக் கோழியிடம் அடைவைக்க விரும்புகிறவர்கள், நாட்டுக்கோழிக்கு நான்கைந்து முட்டைக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது. கூஸ் முட்டையின் எடையைப் புரட்டுவது கோழிக்குக் கடினம் என்பதால், நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை நாமே புரட்டிவிட வேண்டும். ஏறத்தாழ முப்பது நாளில் குஞ்சு பொரிக்கும்.

குஞ்சுகளை முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வருவது பொதுவான முறை. நம் ஊர் வெயில் காலத்தில் பகலில் பல்பே தேவைப்படாது. விடியற்காலையிலும் மழை நாட்களிலும்தான் அது தவறாமல் வேண்டும். உயரமான அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் ஐந்தாறு குஞ்சுகளுக்குப் போதுமானது. எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிர, சூடு தராது. பெட்டியின் மறு மூலை பல்பின் சூடு படாமல் இருந்தால்தான் குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ள முடியும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொண்டால் சூடு போதவில்லை என்று பொருள். அலகைத் திறந்து மூச்சு வாங்கியபடி ஓரங்களில் ஒட்டிக்கொண்டால் சூடு மிகுந்துவிட்டது என்று பொருள். தனித்தனியாகக் கால்நீட்டி, கழுத்தைத் தரையில் சாய்த்து உறங்கும் குஞ்சுகளுக்கு வெப்பமானி வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பெட்டியில் செய்தித்தாள் விரிப்பது வழக்கமாக இருந்தாலும், வழுக்கும் தாளில் நிற்க முயலும் குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்து அப்படியே நிலைத்துவிடக் கூடும். முதல் சில நாட்களுக்குத் துவைத்து உலர்த்திய சணல் சாக்கே சிறந்தது. குஞ்சுகள் தீனி எது, விரிப்பு எது என்று அறிந்துகொண்ட பிறகு உமியையோ மரத்தூளையோ பரப்பலாம். கூஸ் குஞ்சு கோழிக்குஞ்சைவிட மிகுதியாகத் தண்ணீரைக் குடித்து அதே அளவுக்குக் கழியும் ஆகையால், நாள்தோறும் ஈர விரிப்பை அகற்றாவிட்டால் பெட்டி நாறிப்போகும்.

தண்ணீரைப் பொறுத்தவரை பாத்திரத்தின் ஆழமே முக்கியம். குஞ்சு தன் மூக்குத்துளை வரை அலகை முக்கி அலசிக்கொள்ளும் அளவுக்கு ஆழம் இருக்க வேண்டும். ஆனால் குஞ்சு உள்ளே இறங்கிவிடக் கூடாது. பக்கவாட்டில் தலை நுழையும் அளவுக்கு வெட்டிய, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா இதற்கு ஏற்றது. தீனியை அலகில் எடுத்துத் தண்ணீரோடு சேர்த்து விழுங்குவது இதன் இயல்பு என்பதால், தண்ணீர் இல்லாத நேரத்தில் உலர் தீவனம் இருந்தால் தொண்டை அடைத்துவிடும். இரவில் தண்ணீரை அகற்றுவதானால் தீவனத்தையும் சேர்த்தே அகற்ற வேண்டும்.

தீவனத்தில்தான் பலரும் கோழிக் கணக்கைப் போடுகிறார்கள். முதல் மூன்று வாரங்களுக்கு இருபது விழுக்காடு அளவில் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் ஏற்றது. அதன் பிறகு பதினைந்து, பதினாறு விழுக்காட்டுக்கு இறக்கிவிட வேண்டும். சுண்ணாம்புச்சத்து மிகுந்த முட்டைக்கோழித் தீவனம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் அதைத் தரவே கூடாது. ரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்து கலந்த பிராய்லர் தீவனத்தை, கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் போடுவதும் சரியன்று. நியாசின் என்னும் வைட்டமின், பிராய்லர் குஞ்சுக்குக் கிலோ தீவனத்துக்கு 35 மில்லிகிராம் போதும் என்றால், கூஸ் குஞ்சுக்கு 65 மில்லிகிராம் வேண்டும். இது குறைந்தால் முழங்கால் வீங்கி, கால் வளைந்து, குஞ்சு இரண்டடி நடந்து உட்கார்ந்துவிடும். மூட்டையின் மேலுள்ள விவரத்தைப் படித்துப் பார்த்து, குறைவாக இருந்தால் தீவனத்தில் ஈஸ்ட் பொடியைக் கலக்கலாம். மருத்துவர் சொல்லும் அளவில் பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தைத் தண்ணீரில் தருவதும் உண்டு.

செலவைக் குறைக்கக் கடலைப் பிண்ணாக்கு சேர்ப்பவர்கள் பூஞ்சணத்துக்கு அஞ்ச வேண்டும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குப் பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரியவந்து, அதன் வழியாகத்தான் அஃப்லாடாக்சின் என்னும் நஞ்சே கண்டறியப்பட்டது. வாத்தினக் குஞ்சுகள் இந்த நஞ்சைச் சிறிதும் தாங்கமாட்டா. வாடை வீசும் பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் என்ன, குஞ்சுக்கு வைத்தால் என்ன, இரண்டும் தவறுதான்.

பொரிந்த இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே பச்சைத்தீனியைப் பழக்கலாம். அருகம்புல்லின் இளந்தளிர், முருங்கைக்கீரை, குதிரைமசால் என்னும் தீவனப்பயிர், அசோலா என்னும் நீர்த்தாவரம் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கித் தண்ணீர்ப் பாத்திரத்தில் மிதக்கவிட்டால் தாமாகவே கொத்தக் கற்றுக்கொள்ளும். கூடவே ஒரு கிண்ணத்தில் பெருமணல் வைத்தால் இரைப்பையில் புல் அரைபட உதவும். மருந்து தெளித்த வரப்புப் புல்லும், அரளி இருக்கும் வேலியோரமும் ஆகா. ஐந்தாறு வாரத்துக்குப் பின் நல்ல புல்தரை இருக்குமானால், வயிற்றின் பெரும்பகுதியை மேய்ச்சலே நிரப்பிவிடும். மாலையில் ஒரு வேளை தீவனம் போதும்.

மேய்ச்சலின்றிச் சோறும் தீவனமுமாகக் கொழுக்க வளர்த்த குஞ்சுகளுக்கு வருவது ஏஞ்சல் விங் எனப்படும் இறக்கைக் கோணல். புதிதாக முளைக்கும் பெரிய இறகுகளில் ரத்தம் நிறைந்திருக்கும். எலும்பின் வலுவுக்கு மிஞ்சிய வேகத்தில் அவை வளரும்போது, இறக்கையின் நுனிமூட்டு அந்தப் பாரத்தில் தொங்கி, உடலோடு ஒட்டாமல் வெளிப்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. தொங்கத் தொடங்கிய உடனேயே இறக்கையை இயல்பாக மடித்து, மென்மையான துணிப்பட்டையால் அதன் மேலேயே சுற்றி மூன்று முதல் ஐந்து நாள் வைத்து, தினமும் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகும். எலும்பு முற்றிய பின் கட்டிப் பயனில்லை. கட்டும்போதே தீவனத்தையும் குறைத்துப் புல்லைக் கூட்ட வேண்டும்.

நீச்சலுக்கு அவசரம் வேண்டாம். தாயோடு திரியும் குஞ்சு தாயின் இறகிலுள்ள எண்ணெய் பட்டு நனையாமல் இருக்கும். பெட்டியில் வளரும் குஞ்சின் பூமயிர் ஊறிக் குளிரில் விறைத்துவிடும். இரண்டு வாரத்துக்குப் பிறகு வெயில் நேரத்தில், ஏறி வரச் செங்கல் படி வைத்த தொட்டியில் சில நிமிடம் விட்டு, உலர்ந்த பின்னரே பெட்டிக்குள் சேர்க்க வேண்டும். மழையில் நனைவதும் இதேபோல் ஆபத்தானது.

கீரி, பெருச்சாளி, தெருநாய், காகம் ஆகிய நான்கையும் மனத்தில் கொண்டு கூண்டு அமைக்க வேண்டும்; அகலக் கண்ணுள்ள கோழிவலை கீரிக்குத் தடையாகாது, அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் என்னும் பற்றவைத்த கம்பிவலையே வேண்டும். வாத்து பிளேக் என்னும் தொற்றுநோய் கூஸ் வாத்தையும் தாக்குவதால், தடுப்பூசி, குடற்புழு நீக்கம் இரண்டுக்கும் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுவைக்கலாம்.

கையில் கொஞ்சி வளர்த்த ஆண் கூஸ், பருவம் வந்த பின் வீட்டாரையே சீறிக் கடிக்க வருவது உண்டு. ஆகவே மூன்று வாரத்துக்கு மேல் தூக்கிக் கொஞ்சுவதைக் குறைத்துக்கொள்வது நல்லது. தூக்க வேண்டிய வேளையிலும் காலையோ இறக்கையையோ பிடிக்காமல் வயிற்றுக்கடியில் கைகொடுத்தே தூக்க வேண்டும். ஆறாவது வாரத்தில் உடல் முழுவதும் இறகு மூடிய பின் பகலில் வெளியே விட்டு, எட்டாவது வாரத்திலிருந்து பெட்டியை முற்றிலும் விலக்கலாம். ஆனால் வளர்ந்த வாத்துகளையும் இருட்டுவதற்கு முன் கொட்டகையில் அடைத்தே ஆக வேண்டும். அந்தக் கொட்டகை அண்டை வீட்டுப் படுக்கையறைச் சுவரை ஒட்டி அமையாமல் பார்த்துக்கொள்வது நல்லது.