வெளிநாட்டு பாஸ்போர்ட்டுடன் சேலத்திற்கும் ஏற்காட்டிற்கும் வருவோருக்கு

கோலாலம்பூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சேலத்திற்கு வருகிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும். அதனாலேயே இங்கு எல்லாம் தானாக நடந்துவிடும் என்ற எண்ணமும் வந்துவிடுகிறது. ஆனால் விடுதிக்காரரும் சிம் கார்டு விற்பவரும் கேட்பது பாஸ்போர்ட்டைத்தான். எந்த வேலையை எந்த ஊரில் முடித்துக்கொண்டால் ஏற்காட்டு மலைமேல் அலையாமல் இருக்கலாம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் விசா. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை வைத்திருப்பவர்களுக்கு அது தேவையில்லை. மற்றவர்கள் பெரும்பாலும் இ-விசாவில் வரலாம். பயணத்திற்குக் குறைந்தது 4 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் வாங்கும் தளங்கள் பல இருப்பதால், முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா எனப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டவர் வருகை அட்டையையும் இணையத்திலேயே நிரப்பலாம். வந்து இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்திற்குள் அதை முடித்துவிட்டால் விமான நிலையத்தில் படிவமும் பேனாவும் தேடி நிற்க வேண்டியதில்லை.

ஓமலூர் அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள் மட்டுமே இறங்குகின்றன. ஆகவே சென்னை, பெங்களூரு, கோவை, திருச்சி ஆகிய நான்கில் ஒன்றில் இறங்கித்தான் சேலத்திற்கு வர வேண்டும். சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர், பெங்களூரு 200, கோவை 165, திருச்சி 140. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் திருச்சிக்கு நேரடி விமானங்கள் இருப்பதால், அங்கிருந்து வருவோருக்கு நாமக்கல் வழியாகச் சேலம் வந்து சேர்வதே களைப்பில்லாத வழி என்பது என் கருத்து. சென்னையில் இறங்குவோர் கோவை செல்லும் வந்தே பாரத் ரயிலிலும், பெங்களூரில் இறங்குவோர் அங்கிருந்து கோவை செல்லும் வந்தே பாரத்திலும் சேலம் சந்திப்பில் இறங்கிக்கொள்ளலாம். சென்னையிலிருந்து இரவில் புறப்படும் ஏற்காடு எக்ஸ்பிரஸ், பெயரைப் பார்த்து நினைப்பதுபோல் ஏற்காட்டிற்குப் போவதில்லை. சேலம் வழியாக ஈரோடு போகிற ரயில் அது. மலைக்கு ரயில் பாதையே கிடையாது.

விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் சிம் கார்டு வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டையும் விசாவையும் சரிபார்த்து வெளிநாட்டவருக்கு இணைப்புத் தரும் வழக்கம் அங்குள்ள கடைகளுக்கு உண்டு; சேலத்துத் தெருமுனைக் கடையில் ஆதார் அட்டையைக் கேட்டுவிட்டுக் கையை விரிப்பார்கள். இந்திய எண் இல்லாவிட்டால், ஓடிபி வந்து சேராமல் ரயில் முன்பதிவும் வாடகை வண்டிச் செயலியும் பாதியிலேயே நின்றுவிடும். பணமும் அப்படித்தான். டீக்கடை வரை க்யூஆர் அட்டை தொங்குகிற ஊரில் வெளிநாட்டு வங்கி அட்டை பெரிய கடைகளிலும் விடுதிகளிலும் மட்டுமே செல்லும் என்பதால், ரொக்கம் கையில் இருக்க வேண்டும். ஏடிஎம்மில் எடுக்கும்போது, உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று திரையில் கேட்டால் வேண்டாமென்று அழுத்துங்கள்; அந்த மாற்று விகிதம் நமக்கு நட்டத்தையே தரும். 2,000 ரூபாய்த் தாளை ரிசர்வ் வங்கி 2023 மே மாதத்தில் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. பழைய பயணத்தில் மிஞ்சிய தாள்களை நம்பி வராதீர்கள்.

பலர் கோட்டைவிடுகிற இடம் தங்குமிடப் பதிவுதான். வெளிநாட்டவர் ஒருவரைத் தங்க வைக்கும் விடுதி, அவர் வந்த 24 மணி நேரத்திற்குள் அவரது விவரங்களை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். படிவம் சி என்று வழக்கில் சொல்லப்படுவது இதுவே. இந்தப் பதிவு வசதி இல்லாத சிறு லாட்ஜுகள் நள்ளிரவில்கூட அறை இல்லை என்று சொல்லி அனுப்பிவிடும். ஆகவே முன்பதிவு செய்யும்போதே, வெளிநாட்டு பாஸ்போர்ட் என்பதைத் தொலைபேசியில் சொல்லி உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டில் தங்கினாலும் இந்தக் கடமை உண்டு. சேலத்தில் அம்மாபேட்டை, குகை போன்ற பகுதிகளில் உள்ள சித்தப்பா வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் தங்குவதற்கு எதற்குப் படிவம் என்று வீட்டார் கேட்பார்கள். கோபப்படாமல், வீட்டு உரிமையாளர் பெயரில் இணையத்தில் ஒரு கணக்குத் தொடங்கி, பாஸ்போர்ட், விசா நகல்களை ஏற்றச் சொல்லுங்கள். பதிந்ததற்கான நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

சேலத்தில் ரயில் சந்திப்பு சூரமங்கலத்திலும், வெளியூர்ப் பேருந்துகள் வரும் புதிய பேருந்து நிலையம் மெய்யனூரிலும், பழைய பேருந்து நிலையம் கடைவீதிப் பக்கமும் உள்ளன. 'பஸ் ஸ்டாண்டு' என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் எந்தப் பக்கமும் திருப்பக்கூடும். புதியதா பழையதா என்று சொல்லி, கட்டணத்தையும் பேசி முடித்துவிட்டு ஏறுங்கள். தங்குவதற்கு ஐந்து ரோட்டுப் பகுதி வசதியானது. கொலுசு வாங்க வேண்டுமானால் செவ்வாய்ப்பேட்டைக்குப் போகலாம். மாலையில் தள்ளுவண்டியில், தட்டுவடைகளுக்கு இடையே சட்னியும் காய்கறியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் சாப்பிடாமல் ஊரை விட்டுப் போவது நியாயமில்லை; வயிறு பழகாதவர்கள் முதல் நாளில் பச்சைச் சட்னியைக் குறைத்துக்கொள்ளலாம். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும் நாட்களில் நகரத்தில் அறை கிடைப்பது கடினம்.

ஏற்காடு சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அடிவாரத்திற்குப் பின் 20 கொண்டை ஊசி வளைவுகள். புதிய பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்து உண்டு. தலைசுற்றல் வருபவர்கள் காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு முன் இருக்கையில் அமர்வது நல்லது. தாமாக வண்டி ஓட்ட நினைப்பவர்களுக்குப் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வேண்டும். ஆனாலும் வளைவில் மேலேறும் வண்டிக்கு வழிவிடும் பழக்கம் இல்லாதவர்கள் ஓட்டுநரோடு வண்டி எடுப்பதே மேல். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் கொண்டுவரப்பட்ட இ-பாஸ் (இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி) உத்தரவில் ஏற்காடு சேர்க்கப்படவில்லை.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சேலத்து வெயிலுக்கு எடுத்த துணி அங்கு இரவில் போதாது. ஏரியும் பகோடா பாயின்ட்டும் லேடீஸ் சீட்டும் அரை நாளில் முடிந்துவிடும். சேர்வராயன் கோயிலுக்கு மட்டும் அவசரமில்லாமல் போங்கள். மலையாளி என்று அழைக்கப்படும் இம்மலைவாழ் மக்களின் தெய்வம் குகைக்குள் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். கிளியூர் அருவியில் கோடையில் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டாம். மே மாதக் கோடை விழாவின்போது மலர்க் கண்காட்சி அழகுதான், ஆனால் வாகன நெரிசலும் அறை வாடகையும் அதே அளவுக்கு ஏறும்.

மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கொண்டு வாருங்கள். அவசரத்திற்கு 108 ஆம்புலன்ஸும் 112 பொது உதவி எண்ணும் உள்ளன. பெரிய சிகிச்சைக்குச் சேலத்தில் உள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்கியாக வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் தட்டை முள் பிளக்குகள் இங்குள்ள வட்டத் துளைகளில் நுழையாது என்பதால் அடாப்டர் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் விமானம் எந்த நகரிலிருந்து என்றாலும், அதற்கு முந்தைய நாளே ஏற்காட்டிலிருந்து சேலத்திற்கு இறங்கிவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் மலைச்சாலையில் மண்சரிந்து போக்குவரத்து நின்றது. பிரதான சாலை அடைபட்டால் குப்பனூர் வழியாக இறங்கும் இன்னொரு சாலை உண்டு. கனமழையில் அதுவும் மூடப்படலாம் என்பதால், புறப்படும் முன் விடுதியில் கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியைச் சொல்லுங்கள்.