போனில் மட்டும் சின்னப் பையன் குரல்

கூச்சம் அதிகம், அதனால் வீட்டிலேயே பாட்டெழுதிப் பதிவு செய்கிறேன். லேப்டாப்பில் சரியாக ஒலித்த குரல், போனில் போட்டால் பன்னிரண்டு வயதுப் பையனுடையது போல் கேட்டது. மைக்கை மாற்றினேன், சுருதியைக் குறைத்துத் திரும்பப் பாடினேன். நான்கு நாள் போனது.

அப்புறம்தான் கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். லேப்டாப்பில் 3 நிமிடம் 40 நொடி ஓடிய பாட்டு, போனில் 3:22-இல் முடிந்தது! மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் 44,100 ஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிய, பதிவு மென்பொருள் கோப்பில் 48,000 என்று குறித்திருக்கிறது. லேப்டாப்பில் அதே இன்டர்ஃபேஸ் 44,100 வேகத்திலேயே ஒலித்ததால் தெரியவில்லை; போன் கோப்பில் இருந்த 48,000-ஐ நம்பி வேகமாக ஓட்டியிருக்கிறது. வேகத்தோடு சுருதியும் ஏறிவிட்டது.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டிராக்கின் ரேட்டை (அந்த நொடிக்கு இத்தனை என்ற குறிப்பை) மட்டும் 44,100 ஆக்கி எக்ஸ்போர்ட் செய்தேன். ரீசாம்பிள், அதாவது மாதிரிகளையே புதிதாகக் கணக்கிட்டு மாற்றுவது, செய்யக் கூடாது, செய்தால் அதே கீச்சுக்குரல்தான் வரும். இப்போது போனிலும் என் குரலே கேட்கிறது, பெரிய நிம்மதி. புதுப் பதிவுகளுக்கு இன்டர்ஃபேஸ், மென்பொருள் இரண்டிலும் 48,000 வைத்துவிட்டேன்.