ஆயில் இருக்க வேண்டிய இடம்: பழைய கார்வெட் 350 எஞ்சினில் குதிரைத்திறனை மீட்பது எப்படி?

செவர்லே 350 எஞ்சின் போட்ட பழைய கார்வெட் கைக்கு வந்ததும், பவருக்காக எல்லோரும் முதலில் தேடுவது கார்புரேட்டரும் கேம்ஷாஃப்ட்டும்தான். வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் சம்ப்பை, அதாவது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அங்கேயும் கொஞ்சம் குதிரைத்திறன் வீணாகிக்கொண்டுதான் இருக்கிறது.

6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) கிராங்க்ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, நொடிக்கு 100 முறை சுற்றும். அதன் எதிர் எடைகளின் விளிம்பு, மையத்திலிருந்து ஏறக்குறைய 8 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள்: விளிம்பின் வேகம் மணிக்கு 180 கி.மீ. வரும். பேரிங்குகளிலிருந்து வழியும் ஆயில், சம்ப்பிலிருந்து தெறிக்கும் ஆயில் எல்லாம் அந்த வேகத்தில் கிராங்கைச் சுற்றிக் கயிறு போல முறுக்கிக்கொள்கிறது. இந்த ஈரக் கயிற்றையும் சேர்த்து இழுக்க எஞ்சின் செலவழிக்கிற சக்தி சக்கரத்துக்கு வந்து சேராது. இதைத்தான் விண்டேஜ் (windage) இழப்பு என்கிறார்கள். கூடவே ஆயில் நுரைத்துப்போகும். நுரையை உறிஞ்சுகிற பம்ப்பால் பேரிங்கைக் காப்பாற்ற முடியாது.

எவ்வளவு கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1975 கார்வெட்டின் அடிப்படை எஞ்சின் 165 குதிரைத்திறன். அதை 4000 ஆர்பிஎம் தாண்டாமல் ஓட்டினால் வித்தியாசமே தெரியாது. 6000-ஐத் தொடும்படி கட்டிய எஞ்சினில்தான் சில குதிரைத்திறன் கிடைக்கும். சுழற்சி ஏற ஏற இழப்பு செங்குத்தாக ஏறும் என்பதுதான் காரணம்.

1. முதலில் அளந்து பாருங்கள்

டேஷ்போர்டு கேஜை நம்பாமல் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு 2000, 4000, 6000 ஆர்பிஎம்களில் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது பழைய கைக்கணக்கு. இந்த எஞ்சினுக்கு அது போதும். முடிந்தால் டைனோவிலும் (குதிரைத்திறனை அளக்கும் இயந்திரம்) ஒரு முறை ஓட்டி அளவு எடுத்து வையுங்கள். முன் அளவு இல்லாவிட்டால் பின்னால் வருவதெல்லாம் வெறும் நம்பிக்கைதான்.

2. ஆயிலின் கிரேடும் அளவும்

பழைய வண்டி என்றதும் 20டபிள்யூ50 ஊற்றுகிறவர்கள் உண்டு. 100 டிகிரி செல்சியஸில் 50 கிரேடின் பாகுநிலை 16.3 சென்டிஸ்டோக்கிலிருந்து தொடங்கும். 30 கிரேடு 9.3 முதல் 12.5-க்குள் இருக்கும். பேரிங் இடைவெளி சரியாக இருந்து, சூட்டிலும் அழுத்தம் நின்றால் 10டபிள்யூ30-க்கு மாறலாம். ஆனால் இந்த எஞ்சின்களில் இருப்பது ஃபிளாட் டேப்பெட் கேம்ஷாஃப்ட்: வால்வைத் தூக்கும் டேப்பெட் உருளாமல் கேம் மேல் உராய்ந்தே நகரும். ஸிங்க் போதுமான அளவு உள்ள ஆயிலாகத்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் கேம் தேய்ந்துவிடும். டிப்ஸ்டிக் குறிக்கு மேலே ஊற்றவே கூடாது. கூடுதலாக ஊற்றும் ஆயில் கிராங்கின் மேல்தான் போய் அடிக்கும்.

3. பெரிய பம்ப் வேண்டாம்

பலர் பணத்தை இழப்பது இங்கேதான். நிமிடத்துக்கு 40 லிட்டரை 60 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தள்ள கால் கிலோவாட்டுக்குச் சற்று மேலே போதும். பம்ப்பின் சொந்த இழப்பைச் சேர்த்தாலும் ஒரு குதிரைத்திறனுக்குள் அடங்கிவிடும். எனவே அழுத்தத்தைக் குறைத்துப் பவர் தேடுவதில் பெரிய பலன் இல்லை. ஹை வால்யூம் பம்ப் போட்டாலும் தேவைக்கு மிஞ்சிய ஆயில், அழுத்தம் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியாகத் திரும்பி வெறுமனே சூடாகிறது. நல்ல நிலையில் உள்ள ஸ்டாண்டர்ட் பம்ப் போதும். டிஸ்ட்ரிபியூட்டரையும் பம்ப்பையும் இணைக்கும் தண்டில் நைலான் வளையம் இருந்தால், அதை மட்டும் எஃகு வளையம் உள்ளதாக மாற்றிவிடுங்கள்.

4. சம்ப்பை இறக்குதல்

வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே வேண்டாம். ஆயிலை வடித்துவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டார், ஃபிளைவீல் மூடி, குறுக்கே வரும் ஸ்டீயரிங் இணைப்பு ஆகியவற்றைக் கழற்றினால் சம்ப் இறங்கும். புது கேஸ்கெட் வாங்கும்போது கவனம்: 1986-இல் பின் மெயின் சீல் (கிராங்கின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) ஒரே துண்டாக மாறியது. அதற்கு முந்தைய எஞ்சினுக்கு வேறு சம்ப், வேறு கேஸ்கெட்.

5. விண்டேஜ் தட்டு

உண்மையான வேலை இதுதான். கிராங்குக்கும் சம்ப்பில் தேங்கிய ஆயிலுக்கும் நடுவே நிற்கும் தகடு இது. 370 குதிரைத்திறன் என்று விளம்பரம் செய்த 1970 எல்டி-1 எஞ்சினில் செவர்லேயே இதைப் போட்டு அனுப்பியது. கிராங்கைப் பிடித்திருக்கும் மெயின் கேப்புகளின் போல்ட்டுகளுக்குப் பதிலாக வரும் ஸ்டட்டுகளில் தட்டு உட்காரும். ஒவ்வொரு கேப்பாகத்தான் கழற்றி மாட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தாதீர்கள். ஸ்டட்டோடு வந்த தாளில் உள்ள டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவையே பின்பற்றுங்கள்.

மாட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கனெக்டிங் ராடின் போல்ட் தலைதான் முதலில் இடிக்கும். எங்கேயும் 3 மி.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். குறைந்தால் வாஷர் வைத்துத் தட்டை இறக்குங்கள். கிராங்க் ஸ்கிரேப்பர் என்ற வழிப்புத் தகடும் சேர்க்கலாம், ஆனால் அதை ஒவ்வொரு எதிர் எடைக்கும் ஏற்ப அரம் வைத்து ராவிப் பொருத்த வேண்டும். முதல் முறை செய்பவர் தட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

6. பிக்கப்பின் உயரம்

பம்ப்பின் உறிஞ்சுகுழல் முனையில் களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி, கேஸ்கெட்டோடு சம்ப்பை வைத்து அழுத்தி எடுங்கள். நசுங்கிய களிமண் 6 முதல் 10 மி.மீ. தடிமன் இருந்தால் சரி. தரையை ஒட்டினால் உறிஞ்ச முடியாது. உயர்ந்தால் வளைவில் காற்றை இழுக்கும். இந்தக் குழல் பம்ப்பில் இறுக்கிச் செருகப்பட்டதுதான். அதிர்வில் கழன்று விழுவது உண்டு. பம்ப்பைப் பிரித்து ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஒரு புள்ளி வெல்டிங் வையுங்கள்.

7. ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிரைமிங்

எஞ்சினை ஓட்டாமலே பம்ப்பைச் சுற்றி ஆயிலை ஏற்றுவதுதான் பிரைமிங். டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் நிற்கும் திசையைக் குறித்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுங்கள். டிரில்லில் பிரைமிங் தண்டை மாட்டிப் பம்ப்பை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். தண்டில் காலர் இருக்க வேண்டும்: இந்த எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே ஆயில் பாதையின் ஒரு சுவராக நிற்கிறது. காலர் இல்லாத தண்டால் சுற்றினால் ஆயில் அங்கேயே வழிந்துவிடும், எஞ்சின் உச்சியில் வால்வுகளைத் திறக்கும் ராக்கர் வரை ஏறாது. அவ்வப்போது கிராங்கையும் கொஞ்சம் திருப்பி, எல்லா ராக்கரிலும் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை விடாதீர்கள்.

ஆயிலைச் சம்ப்பில் தேங்கவிடாத டிரை சம்ப் கேட்பவர்களுக்கு: 2006 கார்வெட் இஸட்06-இன் 505 குதிரைத்திறன் எல்எஸ்7 எஞ்சினில் அது தொழிற்சாலையிலேயே வந்தது. ஆயில் தனித் தொட்டிக்குப் போய்விடுவதால் கிராங்க் கிட்டத்தட்ட காய்ந்த அறையில் சுற்றுகிறது. ஆனால் தொட்டி, பெல்ட், பல அடுக்குப் பம்ப், குழாய்கள் என்று செலவு எஞ்சின் விலையையே நெருங்கும். பந்தயத் தடத்துக்குப் போகாத வண்டிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஞ்சின் ஓடியதும் முதல் படியில் எடுத்த அதே ஆர்பிஎம்களில் அழுத்தத்தை மறுபடி குறித்து ஒப்பிடுங்கள். வேகமான நீண்ட வளைவில் முள் துடிக்கிறதா என்று கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சாலையைப் பாருங்கள். 150 கி.மீ. ஓடியதும் ஃபில்டரைக் கழற்றி, வெட்டி, உள்ளே இருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். பளபளக்கும் துகள் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் சம்ப்பை மறுபடி இறக்குங்கள்.