நிழலில்லா நாள்: எட்டாம் வகுப்புக்கு ஒரு வெயில் பாடம்

"தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு நம் நிழல் காலடியில் மறைந்துவிடுமா?" முந்தின நாளே வகுப்பில் இதைக் கேளுங்கள். பலரும் "ஆமாம்" என்பார்கள். சரி, தப்பு எதுவும் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் தன் கணிப்பைத் தேதி போட்டு நோட்டில் எழுதட்டும். பேனாவால்தான், பென்சில் என்றால் மறுநாள் அழித்துவிடுவார்கள். கணிப்பு எழுதாமல் வெளியே வரும் பிள்ளைக்கு அது வெறும் வெயில்தான்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே உள்ள ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள்தான் சூரியன் நேர் உச்சிக்கு வரும்; நிழல் காலடியில் மறையும் நிழலில்லா நாள் அதுதான். சென்னைக்கு ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, செப்டம்பர் 1-ஐ ஒட்டி. பள்ளி நடக்கும் மாதம் என்பதால் ஆகஸ்ட்தான் வசதி. அன்று மேகம் மூடினாலும் பாடம் கெடாது. 30 செ.மீ. கம்பின் உச்சிப்பொழுது நிழல் ஒரு நாளைக்கு 2 மி.மீ. அளவே மாறும், முந்தின நாளோ மறுநாளோ செய்யலாம்.

நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பலகை, சார்ட் தாள், 30 செ.மீ. நீள அரை அங்குல பிவிசி குழாய், எம்-சீல், தூக்குக்குண்டு. பலகையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்யுங்கள். குழாயைப் பலகையில் நிமிர்த்தி ஒட்டியதும் தூக்குக்குண்டை இரண்டு பக்கமிருந்து, ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளில், பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பிசகுவது இங்கேதான்: குழாய் 2 பாகை சாய்ந்தாலே 1 செ.மீ. நிழல் விழும், "சார், நிழல் போகவே இல்லை" என்று பிள்ளைகள் நிற்பார்கள்.

அடுத்த பிசகு நேரம். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஆகஸ்ட் 18 அன்று சென்னையில் உச்சிப்பொழுது சுமார் 12.13, கோயம்புத்தூர் இன்னும் மேற்கே இருப்பதால் அங்கே அந்த நாள்களில் சுமார் 12.26. சரியாகப் பன்னிரண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் தவறவிடுவீர்கள். 11.50-க்குத் தொடங்கி, சென்னையில் 12.35 வரை (கோவையில் 12.50 வரை) ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் புள்ளி வைத்து, பக்கத்தில் நேரம் எழுதட்டும். நுனி மங்கலாகத்தான் தெரியும். சூரியனே அரைப் பாகை அகலம் என்பதால் 2, 3 மி.மீ. கலங்கும். அந்தக் கலங்கலின் நடுவில் குறிக்கச் சொல்லுங்கள். இருவர் வெயிலில், இருவர் மர நிழலில் என மாற்றி மாற்றி நிற்கட்டும். தண்ணீர் கையில் இருக்கட்டும். சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்.

வகுப்புக்குத் திரும்பியதும் விளக்கத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் நேரம் ஒரு அச்சிலும் நிழல் நீளம் மற்றதிலுமாக வரைபடம். பிறகு பழைய கணிப்பின் கீழேயே, அதை அடிக்காமல், கண்டதை எழுதட்டும். "அப்படியானால் நேற்று எந்தப் பக்கம் விழுந்திருக்கும்? நாளை?" என்று கேட்டு நிறுத்துங்கள். இந்த இடத்தில் பத்து நிமிடம் அவர்களே வாதாடட்டும்; பாடத்தின் உயிர் இதுதான்.

குழாயைப் பலகையிலிருந்து பிடுங்காமல் வையுங்கள். டிசம்பர் 21 உச்சிப்பொழுதில் சென்னையில் அதே குழாய் வடக்கே 22 செ.மீ. நிழல் போடும். அடுத்த ஜூன் 21-இல் தெற்கே, ஐந்தரை செ.மீ.