பென்சன் மறுத்தால் எம்பியிடம் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியது

எங்கள் பெரியப்பா மலேசிய ராணுவத்தில் இருந்தவர். சிப்பாய்களுக்கு பென்சன் வர 21 வருடச் சேவை வேண்டும். அவருடைய பதிவில் ஆறு மாதம் குறைந்தது. அந்த ஆறு மாதமும் அவர் சீருடையோடு பணியில்தான் இருந்தார், பதிவில்தான் ஏறவில்லை. பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரி ஏறி ஒரு எம்பியின், அதாவது நாடாளுமன்ற உறுப்பினரின், சேவை மையத்துக்கு நாலு வருடம் நடந்தார். போகும்போதெல்லாம் "பார்க்கிறோம் அங்கிள்" என்று சொல்லி அனுப்பினார்கள், கையில் ஒரு துண்டுக் கடிதம்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனோம், அவர் முதலில் கேட்டதே "மறுத்த கடிதம் எங்கே, என்ன தேதி?" என்றுதான். இன்னொரு குடும்பம் அப்படி விழித்துக்கொண்டு நிற்கக் கூடாது.

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்க ஊழியர் என்றால் பென்சன் பணத்தை 2015 நவம்பரிலிருந்து குவாப் என்ற ஓய்வூதிய நிதி நிறுவனம் பார்த்துக்கொள்கிறது, கொள்கையும் சேவை விதிகளும் புத்ராஜெயாவில் இருக்கும் ஜேபிஏ, அதாவது பொதுச் சேவைத் துறை கையில். முன்னாள் ராணுவத்தினருக்கு ஜேஎச்இவி, அதாவது படைவீரர் விவகாரத் துறை. ராணுவத்தில் பிடித்த சேமிப்புப் பணம் எல்தாட் என்ற ராணுவச் சேமிப்பு நிதியில் இருக்கும், அது தனிக் கணக்கு, இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கைதான். ஐசி (அடையாள அட்டை) எண், ராணுவ எண் அல்லது சேவை எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே வேலை செய்தீர்கள், என்ன கேட்கிறீர்கள், அவ்வளவு போதும், குடும்பக் கஷ்டத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். சேவைப் புத்தகத்தில் அந்தக் காலம் இருக்கிற பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இணைத்து, கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டு போங்கள். கவுண்டரில் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றில் தேதியோடு சாப் (அலுவலக முத்திரை) அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சாப் இல்லாமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். பதில் வந்தால் மேலே "ருஜுக்கான் காமி" (எங்கள் குறிப்பு) என்று ஒரு எண் இருக்கும், அடுத்த கடிதங்கள் எல்லாவற்றிலும் அந்த எண்ணைப் போடுங்கள். கடித உறையையும் தூக்கிப் போட வேண்டாம், அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கிறது.

அந்தத் தேதி ஏன் முக்கியம் என்றால், அதிகாரிகளின் முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்ய வேண்டுமானால் முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்பட்டதிலிருந்து 3 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். அரசாங்கத்தின் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட 1948-ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக 36 மாதம்தான் தருகிறது. எம்பியிடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காக இந்தக் கெடு நிற்காது, பெரியப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, கடிதம் வந்த வாரமே போய்க் கேளுங்கள்.

சரி, எம்பி என்ன செய்ய முடியும்? அமைச்சருக்கு எழுதலாம், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம், உங்கள் மனுவை அவையில் சமர்ப்பிக்கலாம். உங்களுக்குப் பணம் தரச் சொல்லி அவரே ஒரு மசோதா கொண்டுவர முடியாது, அரசாங்கக் கஜானாவிலிருந்து பணம் எடுக்கும் மசோதாவை அமைச்சர்தான் கொண்டுவர வேண்டும் என்று அரசியலமைப்பின் 67-வது பிரிவு சொல்கிறது. அமெரிக்காவில் ஒரே ஒரு ஆளின் பெயரில் நிவாரணச் சட்டம் போடும் பழக்கம் உண்டு. அங்கேயே 1946-இல், சில விலக்குகளைத் தவிர, பென்சனுக்கும் ராணுவப் பதிவைத் திருத்துவதற்கும் அந்த வழியை அடைத்துவிட்டார்கள், பதிவைத் திருத்த இப்போது தனி வாரியங்கள் இருக்கின்றன. அதனால் எம்பியிடம் "உதவி பண்ணுங்க" என்று மட்டும் சொல்லாமல், கேட்க வேண்டிய கேள்வியையே ஒரு பக்கத்தில் எழுதி, சாப் அடித்த பிரதியோடு கொடுங்கள்.

சட்டமே உங்களைப் பாதித்திருந்தால் அரசியலமைப்பின் 147-வது பிரிவைப் படியுங்கள். வேலையில் சேர்ந்த நாளில் இருந்த பென்சன் சட்டத்தைவிடக் குறைவான ஒன்றைப் பிறகு உங்கள் தலையில் கட்ட முடியாது. பென்சன் உயர்வை வருடத்துக்கு 2 விழுக்காடு என்று நிர்ணயித்த 2013 திருத்தத்தை, ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தார்கள், 2023 ஜூனில் கூட்டரசு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. வேலையில் சேர்ந்தபோது கொடுத்த நியமனக் கடிதம் அலமாரியில் எங்காவது இருக்கும், இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.